படிப்பவர் வேலையற்றவர் ஆகாரா?

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன்)

நம் வீடுகளுக்கு உறவினர் வந்தால் முதலிற் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "தம்பி என்ன செய்கிறான்?" என்பதே அது. "படிக்கிறான்" என்று அன்னையார் விடை கூறின், வந்தவர் முகம் மலர்கின்றது. "படித்து முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான்" என்று கூறின், அம்முகம் சிறிது வாடுகின்றது. பேச்சும் மழையைப் பற்றியோ விலைவாசியைப் பற்றியோ திரும்பிவிடுகின்றது. படிப்பவன் ஒரு வகையினன், வேலையற்றிருப்பவன் மற்றொரு வகையினன், ஒருவனே இரண்டுமாக இருத்தல் இயலாது என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கின்றது. அவ்வெண்ணமே அரசாங்க விதியொன்றினுள்ளும் புகுந்து, ஏழைப் பட்டதாரிகள் சிலரை இடர்ப்படுத்துகின்றது. அதனை எடுத்துக் காட்டி, அவ்விதி எவ்வளவிற் சரியானது, எவ்வளவிற் பிழையானது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்நாட்டு அரசாங்கத்தார் வேலைவாய்ப்பற்ற இளைஞர்க்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கும் திட்டமொன்றை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் வாயிலாக நடத்தி வருகின்றனர். பத்தாம் வகுப்பிலே தவறியவர்க்கு மாதம் 200 ரூபாய், தேறியவர்க்கு 300, மேல்நிலை வகுப்பிலே தேறியவர்க்கு 400, பட்டம் பெற்றவர்க்கு 600. இத்தொகை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கிற் சேர்க்கப்படும். மூன்றாண்டுகளே கிடைக்கும். உடற்குறையுடையோர்க்குத் தொகையும் மிகுதி, காலமும் மிகுதி. அவர்கள் பதிவு செய்து ஓராண்டு காத்திருந்தாற் போதும். பொறியியல், மருத்துவம் முதலிய தொழிற் பட்டம் பெற்றவர்கட்கு இவ்வுதவி இல்லை. ஆகவே கலைப் பட்டமும் அறிவியற் பட்டமும் பெற்று வெளியேறும் நம்மனோர்க்கே இத்திட்டம் பெரிதும் உரியதாகின்றது.

இனி, இதனைப் பெறுதல் எளிதென்று எவரும் எண்ணிவிட வேண்டா. தம் கல்வித் தகுதியைப் பதிவு செய்து, அப்பதிவை இடையறாது புதுப்பித்து, ஐந்தாண்டுகள் நிறைய வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படலாகாது; அஃதாவது, ஒரு குடும்பம் முழுவதும் மாதம் 6,000 ரூபாய்க்குட் பிழைப்பதாக இருத்தல் வேண்டும். வயது 40க்கு மேற்படலாகாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆயின் 45 வரை செல்லும். வேறெந்த நிதியுதவியும் பெறாதவராகவும், ஊதியம் தரும் தொழில் யாதொன்றும் இல்லாதவராகவும் இருத்தல் வேண்டும். இவையெல்லாம் நிறைவேறிய பின்னரும் ஆண்டுதோறும் உறுதிமொழி எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தல் வேண்டும்.

இந்நிபந்தனைகளுள் ஒன்றே நம் ஆராய்ச்சிக்கு உரியது. உதவி பெறுவோர் அன்றாடம் கல்வி நிலையத்துக்குச் சென்று படிக்கும் மாணவராக இருத்தல் கூடாது என்பதே அது. அதனை அடுத்து ஒரு விலக்கும் கூறப்பட்டிருக்கின்றது. அஞ்சல் வழியாகவோ தொலைதூரக் கல்வி வாயிலாகவோ படிப்பவராயின், அவர் தடையின்றி உதவி பெறலாம்.

இவ்விதியின் பொருளை நன்கு விளங்கிக்கொள்ள விரும்புவோர் சிதம்பரத்துக்குச் சென்று பார்த்தல் நலம். புகைவண்டி நிலையத்துக்குக் கிழக்கே அண்ணாமலை நகரில் 1929ஆம் ஆண்டிலே நிறுவப்பட்டு, 2013இல் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்த பல்கலைக்கழகம் விளங்குகின்றது. தமிழாராய்ச்சிக்கும் தமிழிசைக்கும் அஃது ஆற்றிய தொண்டினை நாம் அறிவோம். அங்கேயே 1979ஆம் ஆண்டு முதல் தொலைதூரக் கல்வி இயக்ககமும் தோன்றி, நாடெங்கும் இலட்சக்கணக்கானோர்க்குப் பாடநூல்களை அஞ்சலில் அனுப்பிற்று. ஒரே பல்கலைக்கழகம், ஒரே தொல்காப்பியம், ஒரே சிலப்பதிகாரம். வீட்டுத் திண்ணையிலிருந்து அவற்றைப் பயில்வானேல் ஒருவன் சட்டத்தின் கண்ணுக்கு வேலையற்றவன். வகுப்பிலே ஆசிரியர் முன்னிலையில் அமர்ந்து பயில்வானேல் அவனே வேலையற்றவன் அல்லன். அவன் வறுமை மாறிற்றா? இல்லை. ஊதியம் கிடைத்ததா? இல்லை. அவன் அமர்ந்த இடம் ஒன்றே மாறிற்று.

யான் அறிந்த ஒருவரின் நிலையை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். எங்கள் தெருவினர் அவர்; எனக்கு அண்ணன் முறையினர். தகப்பனார் கடலுக்குச் சென்று பிழைப்பவர். அண்ணன் தமிழிலே பட்டம் பெற்று, பதிவும் செய்து, ஐந்தாண்டுகள் காத்திருந்தார். அக்காலத்தில் மளிகைக் கடையிற் கணக்கெழுதினார், தேர்வுகள் பல எழுதினார், கடையும் மூடப்பட்டது, தேர்வுகளும் கைகொடுத்தில. ஆறாம் ஆண்டிலே உதவித்தொகை வரத் தொடங்கிற்று. காலாண்டுக்கு 1,800 ரூபாய். அதிலே தாயாரின் மருந்துச் செலவு போக எஞ்சியதற்குப் பழைய புத்தகங்கள் வாங்குவார். யாப்பிலக்கணத்தில் யான் அறிந்தது பெரும்பாலும் அவரிடம் கேட்டறிந்ததேயாகும். அசை பிரிக்கத் தெரியாது யான் மயங்கிய மாலைகளில், வலைகள் உலரும் மணலிலே விரலாற் கீறி நேரையும் நிரையையும் காட்டியவர் அவரே.

உதவி பெறத் தொடங்கிய அவ்வாண்டிலேயே, கல்லூரி ஒன்றில் தமிழ் மேற்பட்ட வகுப்பிலே அவருக்கு இடம் கிடைத்தது. அச்செய்தியைக் கூற எங்கள் வீட்டுக்கு ஓடி வந்த அவர் முகத்தை யான் மறந்திலேன். மறுநாள் விதியைத் தெரிந்து வந்தார். வகுப்பிலே சேர்ந்தால் உதவித்தொகை நின்றுவிடும். அதனைக் கூறிய அலுவலர்மீது குற்றமில்லை, அவர் அன்பாகவே விளக்கினாராம், விதி அதுவே. இரண்டாண்டுப் படிப்புக்கு இழக்க வேண்டிய தொகை 14,400 ரூபாய். அதனோடு நாள்தோறும் பேருந்துக்கு ஆகும் செலவையும் கூட்டிக் காகிதத்திலே கணக்கிட்டுப் பார்த்தார்.

அருகிலிருந்தோர் ஒருவர் எளிய வழியொன்று கூறினர். "கல்லூரியிலும் சேர்ந்துகொள், உறுதிமொழியிலே படிக்கவில்லையென்று எழுதிக் கொடு, யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?" என்றனர். அண்ணன் சிறிது நேரம் பேசாதிருந்து, "பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கப் படிக்கப் போகிறேன். அதைப் பொய்க் கையெழுத்தோடு தொடங்கவா?" என்றார். கல்லூரி இடத்தை விட்டுவிட்டார். தொலைதூரக் கல்விக்கு விண்ணப்பம் வாங்கினார். இன்று பாடநூல்களைத் தனியே படித்து வருகின்றார். ஐயம் தோன்றிய விடத்து வினாவுதற்கு ஆசிரியரில்லை, எடுத்துப் பார்க்க நூல்நிலையமில்லை, உடன் கற்போருமில்லை. உண்மை பேசியதற்கு அவர் கொடுத்த விலை அது. நேர்மையுடையவனை வறியவனாகவும், பொய்யனைப் பயன்பெறுவோனாகவும் ஆக்கும் விதி, எவ்வளவு நல்லெண்ணத்தோடு இயற்றப்பட்டிருப்பினும், திருத்தத்தக்கதே என்பது என் துணிபு.

தொலைதூரக் கல்வியை இகழ்தல் என் கருத்தன்று. பகலெல்லாம் உழைத்து இரவிலே கற்போர்க்கு அது பெருந்துணை. ஆயினும், பகலிலே உழைப்பதற்கு வேலையே இல்லாத ஒருவனை அவ்வழிக்குத் தள்ளுவது பொருத்தமன்று. அவ்வழியிலே இடையூறுகளும் உண்டு. 2022ஆம் ஆண்டிலே பல்கலைக்கழக மானியக் குழுவினர், 2014-15ஆம் கல்வியாண்டுக்குப் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகட்குத் தம் ஒப்புதல் இல்லையென்று பொது அறிவிப்பு விடுத்தபொழுது, கடலூர் மாவட்டத்திலே எத்தனை குடும்பங்கள் கலங்கின என்பதை நாம் கண்டோம்.

இனி, விதியின் பக்கம் நின்று பேசுவோர் கூற்றையும் ஒதுக்கிவிடலாகாது. அவற்றுள் முதலாவது, மாணவனுக்கு வேலையில்லை என்று எவ்வாறு கூறலாம், அவனுக்குப் படிப்பே வேலையன்றோ என்பது. இக்கூற்றிலே உண்மை உண்டு. பத்தொன்பது வயதினனாகிய யான், "எனக்கு வேலையில்லை, உதவி தருக" என்று கேட்பேனாயின், கேட்போர் நகைப்பர், நகைத்தலும் முறையே. யான் வேலை தேடவில்லை. எனக்கு வேண்டுவது கல்வியுதவி. அதற்கு வேறு திட்டங்கள் உண்டு. அரசாங்கப் பள்ளிகளிற் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப்பட்டது. மாணவர்க்கு அதனையொத்த தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9ஆம் நாள் தொடங்கப்பட்டது. ஆகவே பள்ளியினின்று நேரே கல்லூரிக்கு வந்த எம்போல்வாரை வேலையற்றோர் பட்டியலினின்று விலக்கியது நேரிதே. அதனை யான் எதிர்த்திலேன். ஆனால், ஐந்தாண்டுகள் வேலை தேடிக் களைத்து, இருபத்தேழாம் வயதிலே மீண்டும் வகுப்புக்கு வருபவனும் யானும் ஒருவரா? யான் வேலைக்கு முன்னர்ப் படிப்பவன். அவன் வேலை கிடையாமையாற் படிப்பவன். மேற்கூறிய இரு திட்டங்களும் முதற் பட்டத்தோடு முடிந்துவிடுதலால், மேற்பட்ட வகுப்பினனாகிய அவனுக்கு அவையும் இல்லை. இரு கதவுகளுக்கும் நடுவே நிற்கின்றான் அவன். வலக்கதவு, "நீ மாணவன்" என்று அடைக்கின்றது. இடக்கதவு, "உன் மாணவப் பருவம் முடிந்தது" என்று அடைக்கின்றது.

இரண்டாவது கூற்று, வேலை வந்தால் உடனே ஏற்கும் நிலையில் இருப்பவனே வேலையற்றவன். வகுப்பிலிருப்பவனால் அஃது இயலாது என்பது. இதுவே எல்லா நாட்டினரும் கூறும் வலிய காரணம். பிரிட்டனிலே 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்புறுதிச் சட்டம், வேலையிழந்த தொழிலாளர்க்கு வாரம் 7 ஷில்லிங்காக ஆண்டுக்குப் பதினைந்து வாரங்கள் வரை வழங்க ஏற்பாடு செய்தபொழுதே, வேலை செய்யும் ஆற்றலுடையவனாகவும் அது கிட்டாதவனாகவும் இருத்தல் வேண்டுமென்பது அடிப்படையாயிற்று. பிற்காலத்தில் அந்நாட்டு மாணவர் விடுமுறைக் காலங்களிலே வேலையற்றோர் உதவி பெற்று வந்தனர். மாணவர் கடன் முறை வந்த 1990ஆம் ஆண்டளவில் முழுநேர மாணவருட் பெரும்பாலோர் அவ்வுரிமையையும் இழந்தனர். எனினும், எல்லாரும் அவ்வழியே சென்றாரல்லர். ஆஸ்திரேலிய அரசாங்கத்தார் 1998ஆம் ஆண்டிலே வேலை தேடும் இளைஞர்க்கும் படிக்கும் இளைஞர்க்கும் தனித்தனியே இருந்த உதவிகளை ஒன்றாக்கி, இளைஞர் உதவித்தொகை என ஒரே பெயரால் வழங்கலாயினர். வேலையினின்று படிப்புக்கும், படிப்பினின்று வேலைக்கும் மாறுபவன் இடையிலே கைவிடப்படலாகாது என்பதே அதன் கருத்து.

நம் நாட்டு நிலைமையை நோக்கினால் இரண்டாவது கூற்றின் வலி மேலும் குறைகின்றது. இங்கு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தோன்றியது 1945இல். போர் முடிந்து திரும்பிய படைவீரர்க்கு வேலை தேடித் தருவதற்காக. 1959ஆம் ஆண்டின் சட்டம், வேலை தருவோர் காலியிடங்களை அவ்வலுவலகங்கட்கு அறிவித்தல் கட்டாயமென்றது. ஒரு காலத்தில் அங்கிருந்து அழைப்புக் கடிதம் வருதலே அரசாங்க வேலைக்கு வாயிலாக இருந்தது. 1996ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம், அலுவலகப் பட்டியலோடு அமையாது, செய்தித்தாள் முதலியவற்றிலும் விளம்பரம் செய்து யாவர்க்கும் இடந்தர வேண்டுமெனத் தீர்ப்புக் கூறிற்று. அது நியாயமான தீர்ப்பே. ஆயினும், அழைப்புக் கடிதத்தை எதிர்நோக்கி வீட்டுவாயிலிலே காத்திருக்க வேண்டிய காலம் அதனோடு பெரிதும் கழிந்தது. இக்காலத்தில் வேலை தேடுதல் என்பது பெரும்பாலும் தேர்வுக்குப் படித்தலேயன்றோ? ஆசிரியப் பணி வேண்டுவோனுக்கு மேற்பட்டம் வேண்டும். அதனைப் பெறுதலே அவன் வேலை தேடும் முறை. படிப்பை வேலை தேடுதலுக்குப் பகையாகக் கருதுவது பொருந்துமா?

அரசாங்கத்தாரே இவ்வுண்மையைப் பிறிதோரிடத்து ஒப்புக்கொண்டிருக்கின்றனர். நான் முதல்வன் திட்டத்தின் கீழ், 2023ஆம் ஆண்டிலே, குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவர்க்கும் மாதம் 7,500 ரூபாயாகப் பத்து மாதம் வழங்க முன்வந்தனர். முழுநேரமும் படிப்பவரைத் தாங்கினால்தான் அவர் நன்கு படிப்பர் என்பதன்றோ அதன் கருத்து? மாவட்ட ஆட்சித் தலைவராக விரும்புவோனுக்கு உரிய அந்நியாயம், பள்ளியாசிரியராக விரும்புவோனுக்கும் சிறிதளவேனும் உரியதாகாதா? அவன் கேட்பது 7,500 அன்று. முன்னரே தனக்கு ஒதுக்கப்பட்ட 600 மட்டுமே.

மூன்றாவது கூற்று, இடங்கொடுத்தாற் செலவு பெருகும், கூட்டம் பெருகும் என்பது. இதற்கு எளிய கணக்கே விடை கூறும். பட்டதாரி ஒருவன் பெறக்கூடிய தொகை, மாதம் 600 வீதம் 36 மாதத்துக்கு, மொத்தம் 21,600 ரூபாய். அதற்குமேல் அவன் பெற இயலாது. அவன் வீட்டிலிருந்தாலும், அஞ்சல் வழியிற் படித்தாலும், அத்தொகை அவனுக்குக் கொடுக்கப்படும். வகுப்பிலே சேர்ந்து படித்தாலும் கொடுக்கலாமெனின், விதித்த அளவுக்கு மேல் ஒரு காசும் கூடுவதில்லை. விதியினால் அரசாங்கத்துக்கு மிஞ்சுவது, அவன் துணிந்து கல்லூரிக்குச் செல்லும்பொழுது நிறுத்தப்படும் தொகை ஒன்றே. ஏழை ஒருவன் தன் நிலையை உயர்த்திக்கொள்ள முயலும் நேரம் பார்த்தா சிக்கனம் செய்ய வேண்டும்? கூட்டம் பெருகுமென்பதும் வீணச்சமே. நாளொன்றுக்கு 20 ரூபாய் பெறுதற்காக ஐந்தாண்டு வேலையின்றிக் காத்திருப்பார் எவருளர்?

நமது அரசியலமைப்பின் 41ஆம் உறுப்பைப் படித்தபொழுது யான் வியந்தேன். தன் பொருளாதார ஆற்றலின் எல்லைக்குள் அரசு செய்ய வேண்டியன இவையென அது கூறுமிடத்து, வேலை பெறும் உரிமையையும், கல்வி பெறும் உரிமையையும், வேலையின்மை, முதுமை, நோய் முதலியவற்றிற் பொதுவுதவி பெறும் உரிமையையும் ஒரே தொடரில் அடுத்தடுத்து வைத்திருக்கின்றது. அது வழிகாட்டு நெறியேயன்றி, நீதிமன்றத்திலே வழக்காடிப் பெறத்தக்கதன்று. எனினும், அரசியலமைப்பை இயற்றியோர் ஒரு கையாற் கல்வியையும் மற்றொரு கையால் உதவியையும் கொடுக்கவே கருதினர்; ஒன்றை ஏற்றால் மற்றொன்றைப் பறிக்கக் கருதினரல்லர்.

திருமறையிலே திராட்சத் தோட்டத்துக் கூலியாட்களைப் பற்றிய உவமையை நம்மிற் பலர் சிறுவயது முதல் கேட்டிருக்கின்றோம். பகல் முழுதும் சந்தைவெளியிலே நின்றவர்களை நோக்கி, ஏன் நிற்கின்றீர் என்று தோட்டத்தலைவன் வினாவுகின்றான். எங்களை அழைப்பாரில்லை என்பதே அவர்கள் மறுமொழி. அவர்கள் எங்கே நின்றனர், எவ்வாறு நின்றனர் என்று அவன் ஆராய்ந்திலன். அழைப்பாரில்லை என்பதே அவனுக்குப் போதுமானதாயிற்று. வேலையின்மைக்கு இதனினும் தெளிவான இலக்கணத்தை யான் கண்டிலேன்.

ஆகவே யான் வேண்டுவது பெரிதொன்றுமன்று. விதியை நீக்கிவிடுக என்று கூறவில்லை. ஒரு விலக்கைச் சேர்க்க என்றே கூறுகின்றேன். ஐந்தாண்டுக் காத்திருப்பை நிறைவேற்றி உதவி பெறத் தொடங்கிய ஒருவர், அதன் பின்னர் முழுநேரப் படிப்பிலே சேர்வாராயின், தமக்குரிய மூன்றாண்டில் எஞ்சிய காலத்துக்கு அவ்வுதவி தொடர்ந்து வருக. தகுந்த வேலை கிடைத்தும் ஏற்க மறுப்பாராயின் அன்றே நிறுத்தப்படுக. வேறு கல்வியுதவி கிடைக்குமாயின், இரண்டனுள் ஒன்றையே அவர் தேர்ந்துகொள்க. இவ்வளவு செய்தால் அரசாங்கத்துக்கு இழப்பில்லை. மாணவனுக்குப் பொய்க் கையெழுத்தும் வேண்டுவதில்லை.

சகோதர மாணவர்காள்! இது நம்மைச் சாராத செய்தியென்று கருதி ஏட்டைப் புரட்டிவிடாதீர். நம் வகுப்பிலே இன்று சிரித்துப் பேசி அமர்ந்திருப்போருட் சிலர், இன்னும் சில ஆண்டுகளில் அந்தப் பதிவேட்டிலே பெயராக மாறுவர். பள்ளியிறுதித் தேர்விலே செய்த பதிவோடு நின்றுவிடாது, பட்டம் பெற்றதும் அதனையும் பதிவு செய்க. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறவாதீர். ஒருமுறை மறந்தாற் காத்திருந்த ஆண்டுகளெல்லாம் வீணாய்ப் போகக்கூடும். உயர்பதவிகளிலே விளங்கும் நம் பழைய மாணவர்களும், சட்டமன்றத்தாரோடு பழகும் பெரியோரும் இதனை உரியவர் செவியிற் சேர்ப்பாராக.

சென்ற வாரம் அண்ணனைக் கண்டேன். தொலைதூரப் பாடநூலிலே ஐயம் தோன்றிய இடங்களுக்குப் பென்சிலாற் கோடிட்டு வைத்திருந்தார். அவற்றை எங்கள் பேராசிரியரிடம் கேட்டு வந்து கூறுமாறு என்னை வேண்டினார். யான் கேட்டுச் சென்று கூறினேன், அவர் மகிழ்ந்தார். எனக்கு யாப்புக் கற்பித்தவர் இன்று என் வாயிலாக வகுப்பைக் கேட்கின்றார். அவர் அமர்ந்திருக்க வேண்டிய பலகையிலே யான் அமர்ந்திருக்கின்றேன் என்னும் எண்ணம், அன்று முதல் என்னை விட்டு நீங்கவில்லை.